ஆட்சியும் தாய்மொழியும்

ஒரு நாடு பிறர் ஆட்சிக்கு உட்படுங்கால் அதன் மொழி யாதாகும்? கொடி இறங்கியதும் மொழியும் மாயும் என்பார் சிலர். மக்கள் நாவிலுள்ள மொழியை எவ்வரசும் அழிக்கமாட்டாது என்பார் வேறு சிலர். இவ்விரு கொள்கைகளையும் ஆராய்தற்கு இரு தீவு நாடுகளின் வரலாறு பெரிதும் துணைபுரியும். பசிபிக் மாகடலிலுள்ள ஹவாயும், கரிபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரீக்கோவும் 1898-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிக்கு உட்பட்டன.

ஹவாய் மொழிக்கு எழுத்து வகுத்தவர் 1820-இல் ஆண்டுச் சென்ற அமெரிக்கப் பாதிரிமார். 1839-இல் வேதாகமம் முழுவதும் அம்மொழியில் நிறைவெய்தியது. பள்ளிகளும் செய்தித்தாள்களும் பெருகின. 1893-இல் அரசி லிலியுவோகலானி அரியணை இழந்தார். புதிய ஆட்சியார் 1896-இல் ஆங்கிலமே பள்ளிகளின் பயிற்றுமொழி எனச் சட்டஞ் செய்தனர். முன்னரே கொடிய நோய்களால் ஹவாய் மக்கள் தொகை குன்றியிருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வந்த பிறநாட்டார் தொகையோ மிகுந்தது. பெற்றோரும் தம் மக்களோடு ஆங்கிலமே பேசலாயினர். சில தலைமுறைகளில் பெரும்பாலும் முதியோர் சிலர் நாவிலன்றி அம்மொழி வழங்காதாயிற்று.

போர்ட்டோ ரீக்கோவிலும் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்க அரை நூற்றாண்டுக் காலம் முயன்றனர். ஆண்டு வழங்கிய ஸ்பானிய மொழியும் முன்னொரு பேரரசு கொணர்ந்ததே. எனினும் நானூறு ஆண்டுகளில் அது மக்களின் தாய்மொழியாகிவிட்டது. வீட்டிலும் சந்தையிலும் கோயிலிலும் அவர்கள் அதனையே பேசினர். பள்ளியிற் கேட்ட ஆங்கிலம் பள்ளி வாயிலைத் தாண்டவில்லை. 1949-இல் ஸ்பானியமே மீண்டும் பயிற்றுமொழியாயிற்று.

ஈண்டு ஒரு வியப்பு உளது. ஹவாய் 1959-இல் முழு உரிமையுள்ள மாநிலமாயிற்று. போர்ட்டோ ரீக்கோ இன்னும் அந்நிலை எய்தவில்லை. ஆண்டு வாழ்வோர்க்குக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையும் இல்லை. உயர்ந்த அரசியல் நிலை பெற்ற நாடு மொழியை இழக்க, அது பெறாத நாடு மொழியைக் காத்துக்கொண்டது. ஆதலின் அரசியல் நிலைமை தானே மொழியைக் கொல்வதுமில்லை, காப்பதுமில்லை. அது பள்ளியின் வழியாகவும் வீட்டின் வழியாகவுமே மொழியைத் தாக்குகின்றது என்பது பெறப்படும்.

ஹவாயின் பிற்கால வரலாறும் இதனையே வலியுறுத்தும். 1978-இல் மாநில அரசியலமைப்பு ஹவாய் மொழியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கிற்று. ஆயினும் சட்டத்தால் மட்டும் குழந்தைகள் அதனைப் பேசிவிடவில்லை. 1984-இல் பெற்றோரும் ஆசிரியரும் கூடி, அம்மொழியே வழங்கும் மழலைப் பள்ளிகளைத் தொடங்கினர். ‘குரல்களின் கூடு’ என்பது அப்பள்ளிகளின் பெயர்ப் பொருள். அக்கூடுகளில் வளர்ந்தோர் பலர் இன்று தம் மக்களோடு ஹவாய் மொழியிலேயே பேசுகின்றனர்.

உயர் கல்வியைப் பெரும்பாலும் பிறமொழியிற் கற்கும் நாம், வீட்டில் எம்மொழி பேசுகின்றோம் என்பதை எண்ணிப்பார்த்தல் நன்று.