எண்ணெய் வயல்களின் ஏற்றமும் இறக்கமும்

நமுனுகுல மலைச்சாரலில் கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலைச் செடி, வேரில் சேர்ந்துள்ள மாப்பொருளை ஊட்டமாகக் கொண்டு மீண்டும் துளிர்க்கின்றது. பெற்றோலிய வயலுக்கு இத்தகைய மறுதுளிர்ப்பு இல்லை. ஆயினும், கொழுந்து ஏற்றும் லொறியும் தோட்டக் குடும்பங்கள் வாங்கும் மண்ணெண்ணெயும் அவ்வயல்களின் விளைவையே நம்பியுள்ளன. ஆதலின், அவற்றின் உற்பத்தி காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றது என்பதை மலையகம் பற்றிச் சிந்திப்போரும் அறிதல் வேண்டும்.

எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதன்று. நுண்துளைகள் கொண்ட பாறைகளுள், நீருடனும் வாயுவுடனும் சேர்ந்து, பேரமுக்கத்தின் கீழ் அது அடைபட்டுள்ளது. கிணறு தோண்டியதும் இவ்வமுக்கமே எண்ணெயை மேலே தள்ளுகின்றது. கிணறுகள் பெருகப் பெருக உற்பத்தி ஏறி, உச்சத்தை எய்தி, சில காலம் நிலைத்து நிற்கும். பின்னர் அமுக்கம் குன்ற, எண்ணெயுடன் வெளிவரும் நீரின் விகிதம் கூட, உற்பத்தி இறங்கத் தொடங்கும். அவ்வேளையிலும் வயலில் பெருந்தொகை எண்ணெய் எஞ்சியிருக்கும். எனவே, எஞ்சியுள்ள இருப்பு எவ்வளவு என்பதும், நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதும் வெவ்வேறு வினாக்களாகும்.

இந்தியாவின் மேற்குக் கரைக்கப்பால் 1974இல் கண்டறியப்பட்ட பம்பாய் ஹை வயல் இதற்குத் தக்க சான்றாகும். 1976இல் உற்பத்தி தொடங்கிய அவ்வயல், 1980களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி தொன் என்னும் உச்சத்தை எட்டிப் பின்னர் தளர்ந்தது. நீர் உட்செலுத்தலும், 2000களின் தொடக்கத்தில் மேற்கொள்ளப்பட்ட மீளபிவிருத்தியும் சரிவைத் தணித்தனவேயன்றிப் பழைய உச்சத்தை மீட்கவில்லை. மெக்சிக்கோவின் கந்தரெல் வயலிலோ, 2000ஆம் ஆண்டு முதல் நைதரசன் செலுத்தி, 2004இல் நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய்களுக்கு மேல் எடுத்தனர். ஆறே ஆண்டுகளில் உற்பத்தி அதன் மூன்றிலொரு பங்கிற்கும் கீழிறங்கிற்று. விரைந்து எடுப்பது வேறு, புதிதாக விளைவிப்பது வேறு என்பதை இது உணர்த்துகின்றது.

ஒரு வயலின் தளர்ச்சியை உலக உற்பத்தியின் தளர்ச்சியாகக் கொள்ளலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் உற்பத்தி 1970ஆம் ஆண்டளவில் உச்சமடையும் என ஹபேர்ட் 1956இல் கணித்தார், அவ்வாறே நிகழ்ந்தது. ஆயினும், இறுகிய பாறைகளைப் பிளந்து எடுக்கும் முறையால் 2018இல் அவ்வுச்சம் கடக்கப்பட்டது. எனினும், எளிதில் கிடைத்த எண்ணெயின் இடத்தைச் செலவு மிக்க எண்ணெய் நிரப்பியது என்பது மனங்கொளத்தக்கது.

அச்செலவைச் சுமப்போர் யார் என்பதே நமக்குரிய வினா. இலங்கை தனது எண்ணெய் முழுவதையும் இறக்குமதி செய்கின்றது. 1970களின் விலையேற்றத்தை அடுத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல எண்ணெய் உலைகளைக் கைவிட்டு விறகுக்கு மாறின. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. அதற்குக் காரணம் வயல்களின் வறட்சியன்று. நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் விலைக் கொள்கையுமே. தொழிற்சாலைக்கு மாற்று எரிபொருள் கிடைத்தது. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கோ அத்தகைய தெரிவு அரிதாகவே வாய்த்தது. அமுக்கம் குன்றுவது இயற்கையின் நியதி. அதன் சுமை எவர்மீது இறங்குகின்றது என்பது சமூகம் தீர்மானிக்கும் விடயமாகும்.