ஐந்து மணிக்கு எந்த ரயில்?

எங்கள் தெருவில் முப்பது வருஷம் குடியிருந்த மாமி ஒருவர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். பணத்துக்குக் குறைவில்லை. இல்லமும் சுத்தமான இல்லம்தான். வாசலில் பூச்செடிகள், கூடத்தில் டெலிவிஷன், வாரம் ஒரு முறை டாக்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவா லாடு பிடித்து எடுத்துக்கொண்டு மாமியைப் பார்க்கப் போனேன்.

“சௌக்கியமா, மாமி?”

“சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? வேளா வேளைக்குச் சாப்பாடு வரது. ஆனா காலம்பற அஞ்சு மணிக்கே எல்லாரையும் எழுப்பி விட்டுடறா. எனக்கு எண்பத்திரண்டு வயசாறது. இனிமே நான் எந்த ரயிலைப் பிடிக்கப் போறேன், சொல்லு!”

சிரித்துவிட்டேன். “இருங்கோ மாமி, மானேஜர்கிட்டே ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்” என்று எழுந்தேன். மாமி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

“வேண்டாண்டி அம்மா! நீ சொல்லிட்டு ஆறு மணி பஸ்ஸிலே போயிடுவே. நான் ராத்திரி இங்கேதானே இருக்கணும்?”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இல்லத்தில் யாரும் மாமியை அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. ஆனாலும் தம்முடைய தூக்கத்தைப் பற்றிச் சொல்ல அவர் பயப்படுகிறார். கைத்தாங்கலுக்கும், மாத்திரைக்கும், ஒரு வாய்த் தண்ணீருக்கும் யாரை நம்பி இருக்கிறோமோ, அவர்களைப் பற்றி எப்படிக் குறை சொல்வது?

இந்தப் பயத்தைப் போக்குவதற்காகவே ஒரு நாட்டில் சட்டம் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? அந்த நாடு அமெரிக்கா.

அங்கே நர்ஸிங் ஹோம் என்றால், நம் ஊரில் பிரசவத்துக்குப் போகும் சின்ன ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். தள்ளாதவர்கள் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் தங்கிப் பராமரிப்புப் பெறும் விடுதி அது. 1965-ஆம் வருஷம் மெடிகேர், மெடிகெய்ட் என்ற இரண்டு அரசாங்கத் திட்டங்கள் வந்தன. அரசாங்கப் பணம் வரவே, இப்படிப்பட்ட விடுதிகளும் பெருகின. ஆனால் உள்ளே நடப்பதைக் கவனிக்கப் போதிய ஆள் இல்லை. 1970-ஆம் வருஷம் ஜனவரியில் ஓஹையோ மாநிலத்தில் மாரியெட்டா என்ற ஊரில் ஒரு விடுதி தீப்பிடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் மாண்டார்கள். தேசம் திடுக்கிட்டது.

1972-ல் ஐந்து மாநிலங்களில் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். விடுதியின் சம்பளத்தை வாங்காத ஒருவர் உள்ளே போய், முதியவர்களின் குறையைக் கேட்டு, அதைத் தீர்த்து வைக்க வேண்டும். அவருக்கு ‘ஆம்பட்ஸ்மன்’ என்று பெயர். ஸ்வீடன் தேசத்துச் சொல் அது. மக்களுக்காக நின்று முறையீட்டை விசாரிப்பவர் என்று பொருள் கொள்ளலாம். சோதனை பலித்தது. 1978-ல் எல்லா மாநிலங்களிலும் இந்த ஏற்பாடு இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இந்த வேலையைச் செய்பவர்களில் ஏராளமானோர் சம்பளமில்லாத தொண்டர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. குறை சொன்னவர் சம்மதித்தாலொழிய அவர் பெயரை ஆம்பட்ஸ்மன் வெளியிடக் கூடாது. எங்கள் மாமியின் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

எல்மா ஹோல்டர் என்ற பெண்மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1975-ல் அவர் பல ஊர்க் குழுக்களை ஒன்றுசேர்த்து, விடுதிகளைச் சீர்திருத்துவதற்காக ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். நல்ல பராமரிப்பு என்றால் என்ன என்று டாக்டர்களையும் உத்தியோகஸ்தர்களையும் கேட்டது போதும், அங்கே வசிப்பவர்களையே கேட்போம் என்று அந்தச் சங்கத்தார் புறப்பட்டார்கள். 15 நகரங்களில் 400-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பேசி, 1985-ல் அறிக்கை வெளியிட்டார்கள்.

முதியவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? கவனித்துக்கொள்பவர்கள் அன்பாகப் பேச வேண்டும். சாப்பாட்டில் மாறுதல் வேண்டும். பொழுது போக வேண்டும். தங்கள் காரியத்தைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். ரயிலைப் பற்றி மாமி கேட்டதும் இதைத்தானே!

1987-ஆம் வருஷம் டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட ஒரு பெரிய சட்டத்துக்குள் இந்த ஆசைகளெல்லாம் உரிமைகளாக இடம் பெற்றன. மெடிகேர், மெடிகெய்ட் பணம் பெறும் விடுதிகள் யாவும் அதற்குக் கட்டுப்பட்டவை. தமக்கு என்ன சிகிச்சை என்று தெரிந்துகொள்ளவும், அதைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்ளவும் முதியவருக்கு உரிமை உண்டு. அவருக்கு வந்த கடிதத்தை வேறு யாரும் பிரிக்கக் கூடாது. அவருடைய பணத்தை அவரே நிர்வகிக்கலாம். உறவினர் வந்தால் தனிமையில் பேசலாம். வெளியே அனுப்புவதானால் பொதுவாக 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். குறை சொன்னதற்காகப் பழி வாங்கக் கூடாது. கூடவே, பணிப்பெண்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றும் விதித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதுவரை, விழுந்துவிடுவார் என்று சொல்லி முதியவர்களை நாற்காலியோடும் கட்டிலோடும் கட்டிப்போடுவது சர்வசாதாரணமாக இருந்தது. வேலை செய்பவர்களின் சௌகரியத்துக்காகவோ தண்டனையாகவோ கட்டக் கூடாது, மருந்து கொடுத்து மயக்கியும் வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லிற்று. இன்று அங்கே கட்டுண்டு கிடப்பவர்கள் மிகச் சிலரே. மயக்க மருந்துத் தொல்லை மட்டும் இன்னும் முழுவதும் ஒழியவில்லை.

ஆக, சட்டம் எழுதியதோடு காரியம் முடிந்துவிடாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து விடுதிக் கதவுகளை அடைத்தபோது, ஆம்பட்ஸ்மன்களும் பெரும்பாலும் உள்ளே போக முடியவில்லை. பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று தாயைப் பார்த்தார்கள். விருந்தாளி என்று நாம் நினைப்பவர் உண்மையில் காவலாளியும்தான் என்பது அப்போது நன்றாக விளங்கிற்று. பார்க்க வருவோருக்கு இருந்த கட்டுப்பாடுகள் 2021 நவம்பரில்தான் பெரும்பாலும் நீங்கின.

நம் தேசத்திலும் சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் ஒன்றைப் படிப்படியாக அமைக்கலாம் என்றும், இல்லங்களின் தரத்துக்கு மாநில அரசாங்கம் விதிகள் வகுக்கலாம் என்றும் அது சொல்கிறது. முதியோருக்கு உதவ 14567 என்ற கட்டணமில்லாத டெலிபோன் எண்ணும் உண்டு. ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் பாட்டியின் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பெரியவர் யாரையாவது இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால், பூச்செடியையும் டெலிவிஷனையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள், நாங்கள் நினைத்தபோது வரலாமா, வெளியேறச் சொல்வதானால் எத்தனை நாள் முன்பு சொல்வீர்கள், குறையை யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், வாரத்தின் நடுவில் ஒரு நாள் போய் நில்லுங்கள்.

நானும் அப்படித்தான் புதன்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். அங்கே வந்துபோகும் மற்றக் குடும்பத்தாருடன் பழக்கமாயிற்று. மாமியிடம், “உங்கள் பேரைச் சொல்ல மாட்டோம், எல்லாருமாகச் சேர்ந்து கேட்கலாமா?” என்றேன். வெகு நேரம் யோசித்துத்தான் தலையசைத்தார். ஆறு பேர் சேர்ந்து போய் மரியாதையாகக் கேட்டோம். மானேஜர் பொல்லாதவர் அல்ல. அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

போன புதன்கிழமை மாமி சொன்னார்: “இப்பெல்லாம் எழுப்பறதில்லேடி. ஆனா பாரு, அஞ்சு மணிக்குத் தானா முழிப்பு வந்துடறது!”

“அப்புறம் என்ன பண்ணுவேள்?”

“என்ன பண்ணுவேன்? திரும்பிப் படுத்துப்பேன்!”