தண்டவாளம் பிரித்த குடும்பங்கள்

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலம் தொடங்குமுன் டிராலியில் போய், பாதைமேல் சாயும் கிளைகளைக் கேங்மேன்களைக் கொண்டு வெட்டச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. டிரைவருக்குச் சிக்னல் தெரிய வேண்டும்; காற்றில் மரம் விழுந்து வண்டி நிற்கக் கூடாது. அந்தக் கிளைகள் வேறு யாருக்காவது வழியாக இருக்கும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அஸ்ஸாமில் மரியானி அருகேயுள்ள ஹொல்லொங்காபார் காட்டுக்குப் போனேன். 1881-ல் காப்புக்காடாகி, 1997-ல் சரணாலயமானது. பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் நாகா மலையடிவாரம் வரை தொடர்ந்திருந்த வனம். இன்று தேயிலைத் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே தீவாக நிற்கிறது. அந்தத் தீவையும் 1887-ல் போட்ட இருப்புப்பாதை சமமில்லாத இரு துண்டுகளாக்கிவிட்டது.

இங்கே வாழ்வது ஹூலக் கிப்பன். நம் நாட்டிலுள்ள ஒரே வாலில்லாக் குரங்கினம். இந்தக் காட்டில் ஏறக்குறைய 125 இருப்பதாகக் கணக்கு. ஆணும் பெண்ணும் குட்டிகளும் ஒரு குடும்பமாக வாழும். கைகளால் கிளைக்குக் கிளை ஊசலாடிப் போகும். தரையில் இறங்குவது மிக அரிது. உச்சிக் கிளைகள் கோத்திருந்தால்தான் அதற்கு வழி. நமக்கு இரண்டு எட்டு தூரமான தண்டவாளம் அதற்கு மதில் சுவர்.

காலையில் இந்தப் பக்கம் ஒரு ஜோடி பாடியது. சற்று நேரத்தில் பாதைக்கு அப்பாலிருந்து மறுகுரல் வந்தது. குரல் கடந்துவிடுகிறது; குரங்கால் கடக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு, வெட்டச் சொன்ன கிளைகளெல்லாம் நினைவுக்கு வந்தன.

இதில் அடிபட்டுச் சாவது மட்டும் ஆபத்தல்ல. வளர்ந்த குட்டி பெற்றோரைப் பிரிந்து துணை தேட வேண்டும். போக இடமில்லாவிட்டால் சிறு கூட்டத்துக்குள்ளேயே உறவு கலந்து வம்சம் பலவீனமாகும். ஒரு நோயோ புயலோ வந்தால் அந்தத் துண்டு காலியாகிவிடும். மறுபடி குடியேற வெளியிலிருந்து யாரும் வர முடியாது.

ரயில்வேயும் சும்மா இருக்கவில்லை. 2015-ல் பாதைக்கு மேலே இரும்புப் பாலம் ஒன்று அமைத்தது. கிப்பன்கள் அதைச் சீண்டவில்லை. நாம் நமக்குத் தெரிந்த பாலத்தைக் கட்டினோம். அவற்றுக்குத் தெரிந்ததோ ஆடும் கிளை. வனவிலங்கு நிறுவனத்தின் யோசனைப்படி கயிற்றுப் பாலங்கள் அமைக்கும் திட்டம் பின்னர் வந்தது. பாதையையே காட்டுக்கு வெளியே மாற்றுங்கள் என்று 2023-ல் ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். 25,000 வோல்ட் மின்கம்பியும் இரட்டைப் பாதையும் வருமானால் இடைவெளி இன்னும் கடினமாகும் என்பதை, இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும்.

செய்ய முடியாததல்ல இது. பெஞ்ச் காட்டில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ அகலப்படுத்தியபோது, சாலையை உயர்த்தி, அடியில் விலங்குகள் செல்ல ஒன்பது வழிகள் விட்டார்கள். புலி உட்படப் பல விலங்குகள் அவற்றில் நடந்து போவதைக் காமிராக்கள் பதிவு செய்தன. ஆற்றைக் கண்டால் பாலத்துக்கு மதிப்பீடு போடுகிறோம். அதேபோல் சர்வே நிலையிலேயே விலங்கின் வழியையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் செலவு குறைவு. பிறகு திருத்துவதுதான் பெரும் செலவு.

கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸும் மரியானி வழியாகத்தான் போகிறது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் இந்தக் காடு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அன்பர்கள் அவ்வழி போக நேர்ந்தால், ஜன்னல் வழியே தலைக்கு மேல் பாருங்கள். கிளைகள் எங்கே கைகோக்கின்றன, எங்கே கோக்கவில்லை என்பது தெரியும்.