உயிர் காக்கும் மருந்தும் அதன் விலையும்

கொடிய நோய் நுழைந்த இல்லத்தில் இரு துன்பங்கள் ஒருங்கே குடியேறுகின்றன. ஒன்று நோய், மற்றொன்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டு. முன்னதைத் தாங்கிக்கொள்ளும் குடும்பத்தார் பின்னதன் முன் தளர்ந்து போவதை நாம் காண்கிறோம். முதலில் நகை அடகுக்குப் போகிறது, அடுத்து நிலம். பின்னர், நோயாளியே எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ளத் தொடங்குகிறார். "மருந்து விலை ஏறிவிட்டது" என்று, மழை பொய்த்ததைச் சொல்வது போலச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். மருந்தின் விலை மழையைப் போன்றதன்று. அதனை நிர்ணயிப்போர் மனிதர். அதற்கு இடம் கொடுப்பதும் தடை போடுவதும் மனிதர் இயற்றிய சட்டம்.

நாடு விடுதலை பெற்றபோது, அந்நிய ஆட்சி விட்டுச் சென்ற 1911-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையைத் தழுவி 1970-இல் புதிய சட்டம் பிறந்தது. மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை உண்டு, மருந்துப் பொருளுக்கு இல்லை என்பது அதன் உயிர்நாடி. அதே மருந்தை வேறு முறையில் செய்து மலிவாக விற்க நம் நாட்டு நிறுவனங்களுக்கு வழி திறந்தது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையை ஏற்ற காரணத்தால் 2005 முதல் பொருளுக்கே 20 ஆண்டு உரிமை வழங்க வேண்டியதாயிற்று. ஆயினும் நாடாளுமன்றம் 3(டி) என்னும் பிரிவில் ஒரு வேலியை அமைத்தது. அறியப்பட்ட மருந்துக்குப் புதிய வடிவம் கொடுத்துவிட்டு மீண்டும் உரிமை கேட்டால், நோய் தீர்க்கும் ஆற்றல் அதனால் மிகுந்துள்ளது என மெய்ப்பிக்க வேண்டும்.

அந்த வேலி உறுதியானதுதானா என்னும் சோதனை சென்னையிலேயே தொடங்கிற்று. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குரிய இமாட்டினிப் என்னும் மருந்தை நோவார்ட்டிஸ் நிறுவனம் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றது. மாதச் செலவு ஏறத்தாழ ரூ. 1,20,000. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் ரூ. 10,000-க்குக் கிடைத்தது. மருந்தின் ஒரு படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் கோரிய உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. 3(டி) பிரிவே செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. இறுதியாக உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ஆம் நாள், உரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் எதிர்த்து வழக்காடியவர்களுள் இருந்தது. நோயாளிகள் சார்பில் எழுந்த அக்குரலை நாம் மறத்தலாகாது.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்வது நியாயம். ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு அது அம்மருந்தை இலவசமாக வழங்கியது. அதனால் பிழைத்தோர் உண்டு. ஆனால் கொடை என்பது கொடுப்பவர் கையில் இருப்பது. இன்று உண்டு, நாளை நிற்கலாம். விலைக்கு வாங்கும் வலிமை நோயாளியின் கையில் இருப்பது. கொடையைக் காட்டி விலையைக் காத்துக்கொள்வதை நாம் தருமம் என்று அழைக்கத் தயங்குகிறோம்.

ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் செலவாகிறது என்பர். உண்மையே. ஆனால் அமெரிக்காவில் இதே மாத்திரையின் ஆண்டுச் செலவு 2001-இல் சுமார் 30,000 டாலர். 2012-இல் சுமார் 92,000 டாலர். மாத்திரை மாறவில்லை, ஆராய்ச்சியோ முன்னரே முடிந்துவிட்டது. அந்நோய்க்கு மருத்துவம் செய்யும் வல்லுநர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் 2013-இல் ஒன்றுகூடி இவ்விலையைக் கண்டித்து எழுதினர். மருந்தை எழுதித் தரும் கைகளே இவ்வாறு எழுந்தது அரிய செய்தி அன்றோ!

நம் நாட்டிலும் விலை ஏறாமலில்லை. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அரசு உச்ச விலை விதிக்கிறது; அவ்விலையும் மொத்த விலைக் குறியீட்டைத் தொடர்ந்து 2022-இல் 10.7 விழுக்காடும் 2023-இல் 12.1 விழுக்காடும் உயர இடம் தரப்பட்டது. பட்டியலில் இல்லாதவற்றை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை தாமே உயர்த்தலாம். ஆகவே மருந்தின் மூலப் பெயரை எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்பதில் எவருக்கும் நாணம் வேண்டாம். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களும் அப்பெயரில் குறைந்த விலைக்குத் தருகின்றன. எல்லா மருந்தும் அங்கே கிடைத்துவிடும் என எண்ணிச் செல்லலாகாது.

அண்மையில் மற்றொரு வழக்கு நிகழ்ந்தது. எஸ்.எம்.ஏ. எனப்படும் பிறவித் தசைநலிவு நோய்க்கு ரிஸ்டிப்ளாம் என்னும் மருந்து உண்டு. ஒரு புட்டி சுமார் ரூ. 6 இலட்சம். ஐதராபாத்து நிறுவனம் ஒன்று அதனைச் செய்வதற்குத் தடை கோரியபோது தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் மறுத்தது. மேல்முறையீடும் அவ்வாண்டு அக்டோபரில் தோற்றது. உடனே புட்டி ரூ. 15,900-க்கு விற்பனைக்கு வந்தது. 20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளோர்க்கு ஒரு புட்டி 12 நாளுக்கு வரும். அரிய நோய்களுக்கான அரசுத் திட்டத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் உதவியின் வரம்பு ரூ. 50 இலட்சம். பழைய விலையில் அத்தொகை சுமார் 100 நாளில் தீர்ந்துவிடும். புதிய விலையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வரும்.