வற்றிய குளத்தருகே ஒரு பயணம்

2017ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் மன்னாரிலிருந்து மதவாச்சி வீதியால் பஸ்ஸில் சென்றோம். வீதியின் இருமருங்கும் வயல்கள்தான். ஆனால் வயலென்று காட்ட வரம்புகள் மட்டுமே இருந்தன. கட்டுக்கரைக்குளத்தில் நீர் ஒதுங்கிய இடமெங்கும் மாடுகள் மேய்ந்தன. அருகிலிருந்த பயணி ஒருவர், இந்த மண்ணில் இனி என்ன விளையும் என்று கேட்டார். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும்.

கட்டுக்கரைக்குளம் அருவியாற்றை நம்பியது. தேக்கத்தில் ஆற்றை மறித்து, வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு நீர் கொண்டுவருகிறார்கள். அந்த ஆறோ அநுராதபுரத்தைக் கடந்து வருகிறது. ஆகவே முருங்கனில் நாலு மழை பெய்தாலும், மேலே மழையில்லையேல் குளம் நிரம்பாது. 2016 ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தபோது நடந்தது இதுதான். 2017இல் நாடு முழுவதினதும் நெல் விளைச்சல் முந்திய ஆண்டிலும் ஏறக்குறைய 46 சதவீதம் குறைந்தது.

முருங்கன் மண் கரிய களிமண். காய்ந்தால் கால் புதையுமளவு வெடிக்கும். முதல் மழை முழுவதும் அந்த வெடிப்புக்குள் இறங்கிவிடும். மண் ஊறிப் பருத்து வெடிப்பு மூடிய பின்புதான் நீர் மேலே நிற்கும். சேறடிக்கக் குளத்து நீரைக் காத்திருப்பவர் அதிலேயே பெரும்பங்கை இழக்கிறார். புழுதியில் விதைத்து முதல் மழையைப் பயிருக்கே கொடுத்த எமது மூத்தோர் இதை அறிந்தவர்கள். 80 நாளில் விளையும் பிஜி 250 நெல்லும், 65 நாள் பயறும் நீர் குறைந்த ஆண்டுக்கு உதவும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குளத்தில் நீர் குறைவாயின், சிறுபோகத்தில் குளத்தை அண்டிய வயல்களை மட்டும், காணி யாருடையதாயினும், எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் வழக்கம் உண்டு. எந்த வாய்க்காலுக்கு நீர், எத்தனை ஏக்கர், எப்போது துருசு திறப்பது என்பதெல்லாம் போகத்துக்கு முந்திய கூட்டத்திலே தீர்மானமாகும். ஊரைவிட்டு வெளியே இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் திகதி தெரியவருவதே அரிது. எனவே காணிப் பத்திரத்தின் பிரதியுடன் கமக்காரர் அமைப்பில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். நேரில் போக முடியாதவர் உறவினர் ஒருவரையாவது அனுப்பலாம்.

திரும்பி வரும்போது உள்வீதியில் ஒரு சிறுகுளத்தருகே இறங்கினோம். ஆட்கள் இல்லாத ஆண்டுகளில் கட்டு உடைந்து, உள்ளே உடைமரம் மண்டிக் கிடந்த குளம் அது. மீளக் குடியேறிய சில குடும்பங்கள் கட்டைத் திருத்தியிருந்தன. குளத்தில் சேறு மட்டுமே. ஆனால் கட்டுக்குக் கீழே இருந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. வீட்டுக்காரப் பெண் கயிற்றை இறக்கி, ஒரு வாளி அள்ளி எமக்குக் குடிக்கத் தந்தார்.