வந்த இடத்தில் முதல் சேர்ப்பது: செட்டிகளும் சீனர்களும் மட்டாஞ்சேரியும்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் நாம் அவர்களுக்குச் சீன வலையைக் காட்டுகிறோம், மட்டாஞ்சேரி அரண்மனை, யூதத் தெரு என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறோம். சீனர்கள் இந்த ஊரைப் பற்றி என்ன எழுதி வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்தியப் பெருங்கடலுக்கு வந்த செங் ஹோவின் கப்பற்படையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் மா ஹுவான். அவர் கொச்சி மக்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். அதில் 'செட்டி' என்போர் பணக்காரர்கள். 'கெலிங்' என்போர் பிறருக்காக வாங்கி விற்கும் தரகர்கள். செட்டிகள் என்றால் கிழக்குக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் என்பதே பொதுவான கருத்து. 'கெலிங்' என்ற பெயர் மலாய் நாட்டில் பின்னாளில் தமிழர்களையே குறித்தது. ஆக, கொச்சியில் நம்மவர்கள் இருந்ததற்குச் சீனர் சாட்சி என்று சொல்லலாம்.

செட்டிகள் முத்தையும் மணிகளையும் வாசனைப் பொருள்களையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, சீனக் கப்பலோ வேறு நாட்டுக் கப்பலோ வரும்வரை காத்திருந்து விற்றார்கள் என்கிறார் மா ஹுவான். இந்தக் காத்திருப்புதான் விஷயம். பருவக்காற்றை நம்பி வருகிற கப்பல் இன்ன நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை சரக்கில் பணத்தை முடக்கிவைக்கத் தெம்பு உள்ளவன்தான் முதலாளி. கெலிங்குக்கு அந்தத் தெம்பு இல்லை. அவனிடம் இருந்தது ஆள் பழக்கம் மட்டுமே. காத்திருக்கக்கூடிய பணம், கைகொடுக்கக்கூடிய பழக்கம் என்று முதல் இரண்டு வகை. வெளியூரில் பிழைக்க வருகிறவனுக்குப் பெரும்பாலும் முதலாவது இருக்காது, இரண்டாவதையும் புதிதாகத் தேடவேண்டும்.

மட்டாஞ்சேரிக்கு வந்த மற்றவர்கள் அதை எப்படித் தேடினார்கள்? கோவாவில் போர்ச்சுகீசியரின் கெடுபிடி தாங்காமல் வந்த கொங்கணிகள் செர்லாயில் திருமலைக் கோயிலைச் சுற்றி அமைந்தார்கள். யூதர்கள் 1568-ல் பரதேசி ஜெபக்கூடத்தைக் கட்டினார்கள். குஜராத்திகளுக்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் அவர்கள் பெயரிலேயே ஒரு சாலையும் உண்டு. இவை பக்திக்கும் படிப்புக்கும் மட்டும் ஏற்பட்டவை அல்ல. தினமும் ஒரே வாசலில் சந்திக்கிறவர்களுக்குள் யார் நாணயஸ்தன், யார் வாக்குத் தவறியவன் என்பது தானாகவே தெரிந்துவிடும். மிளகு வியாபாரத்தில் பாதி வேலை அதுதானே. 1957-ல் மட்டாஞ்சேரியில் மிளகு முன்பேர வர்த்தகத்துக்கென்று சங்கம் தோன்றியபோது அந்தப் பழக்கத்துக்கு விதியும் புத்தகமும் வந்தன.

நம் பக்கமும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தருகே உள்ள டோபி கானாவில் துவைக்கிறவர்கள் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்க வந்ததாகச் சொல்கிறார்கள். கஞ்சிப் பசை, கிளிப் இல்லாமல் முறுக்குக் கயிற்றில் உலர்த்தல், கரி இஸ்திரி என்று வேலை சுத்தம். ஆனால் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலில் உழைப்பு நின்றால் வருமானமும் நின்றுவிடும். நாம் ஆபீஸில் செய்வதும், உள்ளபடி சொன்னால், உருப்படிக் கணக்குதான். சம்பளம் பெரிது, அவ்வளவே.

இதை நன்றாக உணர்ந்தவர்கள் கலிபோர்னியாவுக்குப் போன சீன என்ஜினியர்கள். மேற்படிப்புக்காகத் தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் போனவர்கள் நல்ல வேலையில் சேர்ந்தார்கள். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதனால் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அன்னாலீ சாக்ஸேனியன் 1999-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980 முதல் 1998 வரை சிலிகான் பள்ளத்தாக்கில் தொடங்கிய தொழில்நுட்பக் கம்பெனிகளில் சுமார் 17 சதவீதத்தைச் சீனர்களும் 7 சதவீதத்தை இந்தியர்களும் நடத்தினார்கள். பணத்தைவிட அவர்களுக்கு அதிகம் உதவியது சங்கம். 'மாண்ட் ஜேட்' போன்ற அமைப்புகளில் மூத்தவர்கள் இளையவர்களுக்கு முதலீட்டாளரை அறிமுகம் செய்தார்கள். நம்மவர்களும் 1992-ல் 'டை' என்ற அமைப்பைத் தொடங்கி அதையே செய்தார்கள்.

அதற்கு முந்திய தலைமுறைச் சீனர்கள், கடைக்காரர்களும் லாண்டரிக்காரர்களும், நம்பியது 'ஹுய்'. சாட்சாத் நம் சீட்டுதான், மலையாளத்தில் குறி. ('ஹுய்' என்றால் கூட்டம், சங்கம் என்றே பொருள்!) இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு லட்சம். அவசரக்காரர் ஒருவர் 25,000 தள்ளுபடிக்கு ஏலம் எடுத்து 75,000 வாங்கிக்கொள்கிறார். தள்ளுபடியில் நடத்துபவர் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 ஆளுக்கு 1,000 வீதம் பிரியும். முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. அரசாங்கமே 1969-ல் கே.எஸ்.எஃப்.இ. என்று தொடங்கி நடத்துகிற அளவுக்குக் கேரளத்தில் இதற்கு மரியாதை உண்டு. பதிவில்லாத சீட்டு 1982-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அலுவலக நண்பர்கள் நடத்துகிற சீட்டுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சேர்த்த முதலை எங்கே வைப்பது என்பதில் பர்மா செட்டியார்களின் கதையைச் சொல்லாமல் தீராது. 1930-ல் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்டமுடியாமல் நிலத்தைக் கொடுக்க, 1938-க்குள் அது 25 சதவீதமாயிற்று. ரொக்கமாகச் சுழன்ற முதல், தூக்கிக்கொண்டு வரமுடியாத மண்ணாக மாறிவிட்டது. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். சம்பளம் முழுவதையும் சொந்த ஊரில் ஒரே பிளாட்டிலோ நகையிலோ போடும் நம்மவர்களும் முதலை ஒரே உருவத்தில்தான் முடக்குகிறார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். கே.எஸ்.எஃப்.இ. சீட்டை ஏலத்தில் எடுத்தவர் பணம் வாங்க ஈடு காட்டவேண்டும்: நிலம், தங்கம் அல்லது சம்பளக்காரர் ஜாமீன். காக்கநாட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மதுரைப் பிள்ளைக்கு இந்த ஊரில் நிலமும் இல்லை, ஜாமீன் போடும் ஆளும் தெரியாது. சங்கத்தில் மூத்தவர்களைக் கேட்டால் 'அதெல்லாம் நமக்கு எதுக்கு தம்பி' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பயம் நியாயமானதே. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 128-ம் பிரிவுப்படி கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாருக்கும் உண்டு. ஆனால் அந்த அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாமே. மேலே சொன்ன சீட்டை மூன்றாம் மாதம் எடுத்தவருக்கு இன்னும் 17 தவணை பாக்கி. ஜாமீன்தாருக்கு அதிகபட்சம் 85,000 ரூபாயும் அதன் வட்டியும். பதினைந்தாம் மாதம் எடுத்தால் 5 தவணை, 25,000. அதற்குள் பையன் கட்டுகிற விதமும் தெரிந்துவிடும். முதல் சீட்டைப் பின்மாதங்களில் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால், அடுத்த சீட்டை அவன் முன்மாதத்தில் எடுத்துத் தொழில் தொடங்கலாம்.