குடியை திடீர்னு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து! வத்தல்மலைக்கு சிகிச்சை முகாம் வருமா?

தர்மபுரி மாவட்டம் வத்தல்மலைக்கு 24 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். காபி, மிளகு விளையும் இந்த மலை கிராமங்களுக்கு அரசு பஸ் வந்ததே 2022-ம் ஆண்டில்தான். குடிக்கு அடிமையான ஒருவரை ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போக வேண்டும் என்றால் அவருடைய மனைவியோ, தாயோ அன்றைய கூலியை விட்டுவிட்டு மலை இறங்க வேண்டும். வார்டில் சேர்த்தால் துணைக்கு ஆள் தங்க வேண்டும். இந்தக் கணக்கிலேயே சிகிச்சை தள்ளிப்போய் விடும்.

அடைத்து வைக்கலாமா?

"நாலு நாள் ரூம்ல போட்டு பூட்டினா தானா திருந்திடுவான்" என்று சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. தினமும் அதிகமாக குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை வரும். 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்து சிலர் இல்லாத உருவம் தெரிவதாகச் சொல்லி பிதற்றுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். இதற்கு மாத்திரையும், பி1 வைட்டமின் ஊசியும் இருக்கின்றன. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வலிப்பு, பிதற்றல் வந்தால் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

சாப்பாட்டில் மருந்தை ரகசியமாக கலந்து கொடுப்பதும் ஆபத்துதான். அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் வாந்தி, படபடப்பு வந்து ரத்த அழுத்தம் சரிந்து விழலாம்.

குடும்பத்துக்கும் சிகிச்சை

குடிப்பவர் ஒருவர் என்றாலும் அடிபடுவது மொத்த வீடும்தான். கணவரை குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை கொடுப்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த அமைப்பு திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாம் போட்டு குடிநோயாளிகளுக்கு சிகிச்சை கொடுத்தது. ஊர்க்காரர்களும் கைகொடுத்தார்கள். இந்த அனுபவம் 1994-ல் வெளிநாட்டு மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத ஊருக்கு ஆஸ்பத்திரியே வரலாம் என்பதற்கு இது சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டு மனநல பராமரிப்பு சட்டத்தில் மது, போதையால் வரும் மனநல பாதிப்பும் அடங்கும். சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் அலையக்கூடாது, வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆக, மலைக்கு டாக்டர் வர வேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை, உரிமை.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. இதுபோன்ற சிகிச்சை மலையடிவாரத்தோடு நின்றுவிடக் கூடாது. மாதம் ஒரு முறையாவது மலையில் முகாம், மாத்திரை தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு, பெண்களுக்கு தனி ஆலோசனை ஆகியவை கிடைத்தால் பல குடும்பங்கள் தப்பிக்கும். கிராமசபை கூட்டத்தில் இதை தீர்மானமாகவே போடச் சொல்லி கேட்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுமே இலவசம். குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டில் உள்ளவர்கள் பேசி யோசனை கேட்கலாம்.